‘கூடவே வளர்ந்தது’ என்னும் சமாதானம்

கோழி இருக்கிற வீட்டில் நாய் வாங்கினாலும் சரி, நாய் இருக்கிற வீட்டில் கோழி வாங்கினாலும் சரி, யாராவது ஒருவர் வந்து சொல்லிவிடுவார்: “குட்டியிலேயே சேத்து விட்ருங்க. கூடவே வளந்தா ஒண்ணும் பண்ணாது.” நாய்க்குட்டி விற்பவர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், ஊரிலிருந்து வரும் பெரியப்பா சொல்வார். இப்போது கைப்பேசிக் காணொளிகளும் சொல்கின்றன. லாப்ரடார் குட்டியின் வயிற்றில் தலை சாய்த்து மஞ்சள் குஞ்சு ஒன்று கண் மூடிக் கிடக்கும். பின்னால் ஒரு பழைய சினிமாப் பாட்டு. கீழே ஆயிரக்கணக்கில் இதயக் குறிகள். அந்தக் குட்டிக்கு என்ன வயது, அந்தக் குஞ்சு வளர்ந்து முட்டையிடும் காலம்வரை இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. நாய்க்கு ஒன்றரை வயதும் கோழிக்கு ஒரு வயதும் ஆனபின் எடுத்த காணொளியை நான் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். அகப்படுவது அபூர்வம்.

இந்த நம்பிக்கை பாதி உண்மை. பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு உறுதியாக நிற்கிறது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நம் பாட்டிமார்களே அதை என்றோ தூக்கி எறிந்திருப்பார்கள். வீட்டு நாயும் பூனையும் கோழியும் ஒரே மனையில் வருஷக்கணக்காக நலமாக வாழலாம். வாழ்கிற வீடுகள் உண்டு. அந்த வீடுகளில் எல்லாம் காரணம் பாசம் என்று சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சண்டை. போய்ப் பார்த்தால் அங்கே ஒரு படல் இருக்கும், ஒரு பஞ்சாரம் இருக்கும், நாயைக் கட்டிப்போடும் நேரம் ஒன்று இருக்கும். அவர்களுக்கே அது கண்ணில் படாத அளவு பழகியிருக்கும். வேலை செய்வது படல், பேர் வாங்குவது பாசம்.

‘கூடவே வளர்ந்தது’ கட்சிக்கு ஆய்வு ஆதாரமே இருக்கிறது. அவர்கள் சொல்லாததால் நானே எடுத்து வைக்கிறேன். சிங் யாங் குவோ என்ற சீன உளவியலாளர் 1930ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எலியைக் கொல்வது பூனைக்குப் பிறவிக்குணமா, கற்றுக்கொள்வதா என்பது அவர் கேள்வி. எலி பிடிக்கும் சூழலில் வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. எதையும் பார்க்காமல் தனியே வளர்ந்த 20 குட்டிகளில் 9 கொன்றன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் 3 மட்டுமே கொன்றன. பழக்கத்துக்கு எவ்வளவு சக்தி என்று இதைக் காட்டியே யாரும் வாதாடலாம்.

ஆனால் அந்த மூன்று பூனைகளும் எந்த எலியைக் கொன்றன? கூண்டில் கூட வளர்ந்த எலியை அல்ல. வெளியிலிருந்து வந்த வேறு எலிகளை. பூனை பழகியது அந்த ஒரு தோழனோடு. எலி என்னும் இனத்தோடு அது எந்த ஒப்பந்தமும் போட்டுக்கொள்ளவில்லை. இதை நம் கொல்லைக்குக் கொண்டுவந்து பாருங்கள். கோழி வளர்ப்பவர் வீட்டில் பழைய முகங்களே எப்போதும் இருப்பதில்லை. அடை வைக்கிறோம், பொரிகிறது. சந்தையில் நான்கு விடைக்கோழி வாங்கி வந்து விடுகிறோம். பக்கத்து வீட்டுச் சேவல் வேலி தாண்டி வருகிறது. போன வருஷத்துக் கருப்பிப் பெட்டையோடு நாய் சிநேகமாக இருப்பது, நேற்று பொரித்த குஞ்சுக்கு எந்த வகையிலும் பாதுகாப்பு இல்லை.

அந்த மூன்றையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பதினெட்டில் மூன்று என்றால் ஆறில் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் ஒரு பூனை தவறினால் ஒரு எலி போகும். கொல்லையில் ஒரு நாய் ஒருநாள் ஐந்து நிமிஷம் தவறினால் கூண்டே காலியாகும்.

நாய்க்கு வருவோம். அமெரிக்காவில் ஆடு காக்கும் நாய்களைப் பற்றி ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த ரேமண்ட் காப்பிஞ்சர், நாயின் வேட்டையை ஒரே குணமாகப் பார்க்காமல் ஒரு சங்கிலியாகப் பார்த்தார்: கண்டுகொள்வது, உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்லும் கடி, கிழிப்பது, தின்பது. ஓநாயிடம் சங்கிலி முழுதாக இருக்கிறது. நாயினங்களில் மனிதன் தனக்கு வேண்டிய கண்ணியை வளர்த்து, வேண்டாததை மட்டுப்படுத்தியிருக்கிறான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலிக்கு உற்றுப் பார்ப்பதும் துரத்துவதும் உயிர், கடிப்பது மட்டுப்பட்டது. லாப்ரடாருக்குக் கவ்விக்கொண்டு வருவது உயிர். நம் கன்னியையும் சிப்பிப்பாறையையும் முயல் வேட்டைக்கென்றே எத்தனையோ தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தார்கள். கண்ணெதிரே ஓடுகிற சிறிய பிராணியைப் பார்த்ததும் கால் தானாகக் கிளம்புவதுதான் அந்த நாயின் சிறப்பு. அதற்காகவே விலை கொடுத்து வாங்கிவிட்டு, கோழி ஓடும்போது மட்டும் அது சும்மா இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

இந்தச் சங்கிலி பிறந்ததும் முழுமையாக விழிப்பதில்லை என்பதையும் காணொளி ரசிகர்கள் கவனிப்பதில்லை. மூன்று மாதக் குட்டி குஞ்சோடு தூங்குவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதற்குத் துரத்தும் வெறி இன்னும் முளைக்கவில்லை. எட்டு மாதம் தொடங்கி ஒன்றரை வயதுவரை, பருவம் ஏறும் காலத்தில், ஒவ்வொரு கண்ணியாக விழிக்கும். வீட்டுக்காரர் நம்பிக்கை உச்சத்தில் இருப்பதும் சரியாக அந்தக் காலத்தில்தான். “எட்டு மாசமா ஒண்ணும் பண்ணல” என்று அவர் சொல்லி முடிக்கிற இடத்தில்தான் நாய் தொடங்குகிறது.

தென்காசிப் பக்கம் என் அத்தை வீட்டில் ஒரு நாய். பெயர் மணி. ஒரு மதியம் நானும் அத்தையும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கொல்லையில் மல்லாந்து கிடந்த பெட்டை ஒன்று மண்குளியல் ஆடிக்கொண்டிருந்தது. இறக்கையை மண்ணில் அடித்து, காலை உதறி, கழுத்தைத் தரையில் தேய்த்து, பக்கவாட்டில் புரண்டு... கோழியைத் தெரியாதவர்களுக்கு அது சாகப்போகிற கோழி போலத்தான் தெரியும். மணி படுத்திருந்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கியது. வால் நின்றது. வாய் மூடியது. காது இரண்டும் முன்னால் வந்தன. முன்னங்கால் ஒன்று தரையிலிருந்து ஒரு விரல் உயரம் எழும்பியது.

“அத்தை, அவனக் கொஞ்சம் கூப்பிடுங்க.”

“நீ ஒருத்தன். அவன் குட்டியிலேருந்து இதுங்களோடதான்டா வளந்தான். வெளாடுறான்.”

“வெளாடுறப்போ வாய் தெறந்திருக்கும் அத்தை.”

அத்தை கூப்பிட்டார், மணி திரும்பவில்லை. இரண்டாம் தடவை அதட்டியபின் வந்தது. அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை, நடக்காததால் அத்தையின் கட்சிக்கே வெற்றி. நான் சொல்ல வருவது வேறு. மணி அந்தப் பெட்டையைத் தினமும் பார்க்கிற நாய். அதன்மேல் அதற்குப் பகை இல்லை, பசியும் இல்லை. தரையில் கிடந்து துடிக்கிற ஒரு உருவம், அவ்வளவுதான் அதன் கண்ணில் பட்டது. கூட வளர்ந்த கோழி நடக்கும்போது நாய்க்கு அது கூட வளர்ந்த கோழி. படபடவென்று அடித்துக்கொண்டு பறக்கும்போதும், பயந்து கத்தி ஓடும்போதும், மண்ணில் புரளும்போதும் அது வேறொன்று.

“வயிறு நெறய சோறு போட்டா கோழியத் தொடாது” என்பது அடுத்த சமாதானம். இதைப் போல எளிதில் உடைகிற வாதம் வேறில்லை. நாய் புகுந்த கூண்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஏழு கோழி செத்துக் கிடக்கும், ஒன்றைக்கூடத் தின்றிருக்காது. சிறகு எச்சிலில் நனைந்திருக்கும். சிலதில் காயமே வெளியே தெரியாது. இங்கிலாந்தின் கடலோரத்தில் நரிகள் ஒரே இரவில் கடற்காகங்களைக் கூட்டமாகக் கொன்றுவிட்டுப் போட்டுவிட்டுப் போவதை ஹான்ஸ் குரூக் ஆராய்ந்து 1972ல் எழுதினார். தப்பி ஓட முடியாத இரை சுற்றிலும் துடித்துக்கொண்டே இருந்தால், கொல்லும் செயல் வயிற்றைக் கேட்டு நிற்பதில்லை. பூனையும் அப்படியே. தட்டில் விருப்பமான உணவைத் தின்றுகொண்டிருக்கும்போதே எலியை விட்டால், பூனை எழுந்துபோய் அதைக் கொன்று, தட்டருகே கொண்டுவந்து போட்டுவிட்டு மறுபடி தட்டையே தின்றதை 1976ல் வெளியான ஒரு சோதனை காட்டியது. நாய்க்கு வயிறு நிறையச் சோறு போடுங்கள், அது உங்கள் கடமை. கோழிக்கு அது காவல் ஆகாது.

சோறு என்றதும் இன்னொன்று. நன்றாகப் பழக்கிய வீடுகளிலும் விபத்து நடக்கும் இடம் பெரும்பாலும் நாயின் தட்டுதான். கோழிக்கு வெட்கம் கிடையாது. நாய் தின்று கொண்டிருக்கும்போதே மூக்கை நீட்டிக் கொத்தும். வெறும் சோறு என்றால் நாய் பொறுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு விழுந்தால் பொறுக்காது. ஒரே ஒரு கடி, எச்சரிக்கைக் கடிதான். முப்பது கிலோ நாயின் எச்சரிக்கையை ஒன்றரைக் கிலோ கோழி தாங்குமா? இதில் வேட்டையும் இல்லை, குணக்கேடும் இல்லை. நாயின் தட்டை வீட்டுக்குள்ளே வைக்க வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தும் இல்லை.

“எங்க காலத்துல எல்லாம் ஒண்ணாத்தானே திரிஞ்சுது?” இதற்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை யாரும் முடிக்க விடமாட்டார்கள். திரிந்தது உண்மை. எப்படித் திரிந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். குஞ்சு பொரித்ததும் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்தார்கள். மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்கள். குருணையும் தண்ணீரும் உள்ளேயே போனது. வெளியே விடும்போது யாராவது ஒரு கிழவி கம்போடு வாசலில் இருந்தார். பருந்து, காக்கை, நாய், பூனை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கம்பு. தாய்க்கோழி சிறுவிடையோ பெருவிடையோ, எதுவானாலும் குஞ்சு கூட இருந்தால் நாய் மூஞ்சியிலேயே பறந்து அடிக்கும். இரண்டு தடவை அடி வாங்கிய நாய் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் சுற்றிக்கொண்டு போனது. அது பாசத்தால் அல்ல, பயத்தால். பொழுது சாய்ந்தால் எல்லாம் குடாப்புக்குள்.

இதெல்லாம் இருந்தும், பொரித்த குஞ்சு அத்தனையும் தேறும் என்று அன்று யாரும் கணக்குப் போடவில்லை. பத்து பன்னிரண்டு பொரித்து நாலைந்து தேறினால் நல்ல அடை என்றார்கள். போனது எதனால் போனது என்று விசாரணை நடக்கவில்லை. கோழி தூக்கப் பழகிய நாய்க்கு என்ன நடந்தது என்பதையும் பெரியவர்கள் கதை சொல்லும்போது விட்டுவிடுகிறார்கள். ஊருக்குள் மிச்சமிருந்த நாய்கள் கோழியைத் தொடாத நாய்கள் என்றால், தொட்ட நாய்கள் மிச்சமில்லை என்றும் பொருள். அந்த அமைதியை இன்றைய வீட்டில் தேடுகிறோம். இன்று கிழவி இல்லை, கம்பு இல்லை, பஞ்சாரம் வாங்க மூங்கில் முடைபவரைத் தேட வேண்டியிருக்கிறது. குஞ்சு இன்குபேட்டரில் பொரித்து அட்டைப்பெட்டியில் வருகிறது. பறந்து அடிக்கத் தாய் இல்லை. நாயோ வேட்டைக்கோ வேலைக்கோ போகாமல் நாளெல்லாம் அடைந்து கிடந்து, சாயங்காலம் அவிழ்த்துவிட்டதும் எதையாவது துரத்தத் துடிக்கிறது. பழைய ஏற்பாட்டில் கட்டுப்பாடு எல்லாம் கழன்றுபோய், ‘சேர்ந்து திரிவது’ மட்டும் கைக்கு வந்திருக்கிறது.

பாச வாதத்தின் கொடுமை அது தோற்கும்போது தெரியும். ‘கூட வளர்ந்த கோழியையே கொன்னுட்டான்’ என்று சொல்லும்போது நாய் துரோகி ஆகிவிடுகிறது. உடனே ‘ரத்த ருசி கண்ட நாய், இனித் திருந்தாது’ என்ற தீர்ப்பு. செத்த கோழியை அதன் கழுத்தில் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவித்த சூடான முட்டையை வாயில் திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரம்பால் விளாசுகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. கடைசியில் வண்டியில் ஏற்றி நான்கு ஊர் தள்ளி இறக்கிவிட்டு வருகிறார்கள். வளர்ப்புப் பிராணியைப் பட்டினிக்கும் தாகத்துக்கும் விட்டுக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் யார் கேட்கப்போகிறார்கள்?

ரத்த ருசியில் ஒன்றும் இல்லை. நம் வீட்டு நாய்கள் கோழிக்கால், கோழித்தலை எல்லாம் தின்றுதான் வளர்கின்றன. கொன்ற நாய் மறுபடி கொல்ல வாய்ப்பு அதிகம் என்பது சரி; காரணம் நாக்கு அல்ல. துரத்தலில் ஒரு சுகம் இருக்கிறது, அது கிடைக்கும் இடமும் வழியும் அதற்குத் தெரிந்துவிட்டது. செத்த கோழியைக் கழுத்தில் கட்டினால் அழுகிய நாற்றம்தான் மிச்சம். அந்த நாற்றத்தைத் தேடிப்போய்ப் புரளுகிற பிராணிக்கு அது என்ன தண்டனை? நடந்து முடிந்தபின் அடித்தால், வீட்டுக்காரர் வரும்போது ஒளிய வேண்டும் என்று மட்டும் கற்றுக்கொள்ளும். வழியை அடைப்பதுதான் வேலை. அது நம் வேலை, நாயின் வேலை அல்ல.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை வரும். ஆஸ்திரேலியாவில் கோழியையே காக்கும் நாய்கள் இல்லையா? உண்டு. விக்டோரியா மாநிலத்தில் வார்னம்பூல் ஊரை ஒட்டிய மிடில் தீவில் குட்டிப் பென்குயின்களை நரிகள் கொன்று தீர்த்து, 2005ல் பத்துக்கும் குறைவாக ஆக்கிவிட்டன. மறு ஆண்டு மரெம்மா நாய்களைத் தீவில் காவலுக்கு வைத்தார்கள், பென்குயின்கள் பெருகின. அந்த யோசனையைக் கொடுத்தவர் அந்த வட்டாரத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர்தான். மேய்ச்சல் கோழிக்கு அவர் அந்த நாய்களைக் காவல் வைத்திருந்தார். அருமையான கதை. படமாகக்கூட வந்தது. அதை எடுத்துக்காட்டுகிறவர்கள், மரெம்மா என்பது இத்தாலிய மேய்ப்பர்கள் நூற்றாண்டுக்கணக்கில் வேட்டைக் கண்ணிகள் மழுங்கிய நாய்களாகப் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கிய இனம் என்பதை விட்டுவிடுகிறார்கள். அந்த இனத்திலும் இளம் நாய் விளையாட்டாகக் கோழியைக் கொன்றுவிடும் என்பதால், முதிரும்வரை ஆள் மேற்பார்வையில்தான் விடுகிறார்கள். ஆட்டைக் காக்க எளிதில் பழகும் காவல்நாய்க்கும் கோழி கடினமான பாடம். கோழி படபடப்பதுதான் அங்கேயும் பிரச்சினை. நாலு தெரு தள்ளி வாங்கிய லாப்ரடார் கலப்பிலிருந்து அதையே எதிர்பார்ப்பவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

பூனையைப் பற்றி ஊர்க்கருத்து இன்னும் மெத்தனம். “பூனை கோழிய என்ன செய்யும்?” வளர்ந்த கோழியை அநேகமாக ஒன்றும் செய்யாது, சேவலிடம் மாட்டினால் கண் போவது பூனைக்குத்தான். நாய்க்குட்டிக்கும் இதே ஆபத்து உண்டு. அடைக்கோழி கொத்திக் கருவிழி கிழிந்த குட்டிகளைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்திருப்பார்கள். குஞ்சுகளின் கதை வேறு. ஆறேழு வாரம் வரை பூனைக்குக் குஞ்சு ஒரு எலி அளவுதான். பிடித்த குஞ்சைப் பிடுங்கிவிட்டோம், ரத்தம் வரவில்லை, பிழைத்தது என்று நினைப்போம். பூனையின் பல் ஊசி, தொளை தெரியாது. அதன் வாயில் சாதாரணமாகவே இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி உள்ளே போய், ஓரிரு நாளில் குஞ்சு சாயும். அதே கிருமியின் வகைகள்தான் கோழிகளில் காலராவை உண்டாக்குகின்றன.

பூனையால் கோழிக்கு வருவதைவிடக் கோழியால் பூனைக்கு வருவதுதான் இன்று எனக்குப் பெரிய கவலை. ‘பறவைக் காய்ச்சல் பறவைக்குத்தானே’ என்பவர்கள் 2004ல் தாய்லாந்தில் ஸ்ரீராச்சா புலிக் காட்சியகத்தில் நடந்ததைக் கேட்க வேண்டும். நோய்கண்ட கோழிகளைப் பச்சையாகத் தின்ற புலிகளுக்கு எச்5என்1 தொற்றி, செத்ததும் நோய் பரவாமலிருக்கக் கொன்றதுமாக 147 புலிகள் போயின. 2024 டிசம்பரில் நாக்பூரின் கோரேவாடாவில் மூன்று புலியும் ஒரு சிறுத்தையும் அதே நோயில் இறந்தன. அடுத்த சில வாரங்களில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடமே அது கண்டுபிடிக்கப்பட்டது. பூனைக் குடும்பத்துக்கு அந்தக் கிருமி எமன். இந்தச் செய்திகளைப் படித்த பிறகும், கூண்டில் திடீரென்று செத்த கோழியைச் ‘சரி, நாய் பூனையாவது தின்னட்டும்’ என்று வேலியோரம் வீசுகிறோம். வெள்ளைக்கழிச்சல் கண்டு செத்த கோழியால் நாய்க்கு நோவு வராது என்பது நிஜம். ஆனால் அது அந்தக் கோழியைத் தெருவெல்லாம் இழுத்துப் போய் நாலு வீட்டுக் கொல்லைக்கும் கழிச்சலைப் பங்கு வைக்கும். செத்த கோழி ஆழக் குழியில், சுண்ணாம்பு போட்டு. அதில் சிக்கனம் கூடாது. கறிக்கு அறுக்கும்போது பூனைக்கு வீசும் பச்சைக் குடலும் ஈரலும் கூட வேண்டாம், அவித்துப் போடுங்கள். பச்சைக் கறியிலிருந்து டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனைக்கு வந்து, பூனையின் கழிவிலிருந்து மண்ணுக்குப் போய், மண்ணைக் கொத்தும் கோழிக்குள் மறுபடி வரும் சுற்று அங்கேதான் அறுபடும்.

மருந்துப் பெட்டியைப் பொதுவாக்குவதும் ஒன்றாக வளர்க்கும் வீடுகளின் வியாதி. நாய்க்கு உண்ணிக்கு அடிக்கிற ஃபிப்ரோனில் ஸ்ப்ரே மிச்சம் இருக்கிறது, கோழிக்குப் பேன் விழுந்திருக்கிறது, அடித்துவிடலாம் என்று தோன்றும். 2017ல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப்பண்ணைகளில் அந்த மருந்தைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்தியதால், முட்டையில் இறங்கிவிட்டதென்று ஐரோப்பா முழுக்க லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து அகற்றினார்கள். நம் கொல்லை முட்டையை யாரும் சோதிப்பதில்லை, பிள்ளைகள்தான் தின்கிறார்கள். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். அதைச் செரித்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் குறைவு. மருந்து ஈரம் காயாத கூண்டின் மேல் பூனை படுத்துவிட்டு, உடம்பை நக்கியபின் நடுங்கத் தொடங்கினால் தாமதம் செய்ய நேரமில்லை. தீவனத்துக்கு வரும் எலிக்காக வைக்கும் பசை விஷம் இந்த இரண்டையும்விட மோசம். விஷம் தின்ற எலியை நாயும் பூனையும் தின்னும், சிந்திய உருண்டையைக் கோழி கொத்தும். ஒன்றாக வளர்க்கிற வீட்டில் எலிவிஷம் என்ற பேச்சே வேண்டாம். தீவனத்தைத் தகர டிரம்மில் மூடி வையுங்கள், எலிப்பொறி போதும்.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பெரிய ரகசியம் இல்லை, கொஞ்சம் செலவு. கடையில் ‘கோழி வலை’ என்று கொடுக்கும் அறுகோண வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான். நாய் உள்ளே வராமல் இருக்க அது உதவாது. ஒரு நடுத்தர நாய் பல்லால் இழுத்தே கிழித்துவிடும். அரை இஞ்ச் வெல்ட் மெஷ் வேண்டும். அதைத் தரையோடு நிறுத்தாமல் ஒரு அடி மண்ணுக்குள் இறக்க வேண்டும், இல்லையென்றால் வெளிப்பக்கம் ஒரு அடி படியவிட்டுக் கல் பாவ வேண்டும். கீரி தோண்டுவதையும் அது தடுக்கும். மேலே மூடி இல்லாத கூண்டு பூனைக்குத் திறந்த வீடு. கதவுக்கு வெறும் கொக்கி போதாது, மூக்கால் தூக்கித் திறக்கிற நாய்கள் இருக்கின்றன. தாழ்ப்பாளும் அதில் ஒரு கம்பியும் வேண்டும். குஞ்சுக்குத் தனி மூடிபோட்ட கூண்டு, இரண்டு மாதம்வரை. நாயைப் பழக்கவும் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கயிற்றில் பிடித்து, வலைக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினால் கையில் இருக்கும் தீனியைக் கொடுங்கள். அது நாயை அமைதியாக்கும். கதவைத் திறந்துவைக்க அது சான்றிதழ் ஆகாது.

“எந்நேரமும் அடைச்சு வெச்சா அப்புறம் என்ன நாட்டுக்கோழி?” என்பது கடைசி வாதம், நல்ல வாதமும்கூட. மேயாத நாட்டுக்கோழியை நானும் விரும்புவதில்லை. பொழுதைப் பங்கு போட்டால் தீர்ந்தது. காலையில் கோழியைத் திறந்துவிடும்போது நாய் சங்கிலியில் இருக்கட்டும், அல்லது வீட்டுக்குள் இருக்கட்டும். பகல் முழுக்கக் கொல்லை கோழியுடையது. பொழுது சாய்ந்து கோழி தானாக அடைந்தபின் தாழ்ப்பாள் போட்டு நாயை அவிழ்த்துவிட்டால் இரவு முழுக்கக் கொல்லை நாயுடையது. அந்த நேரத்தில்தான் மரநாய் ஓட்டில் நடக்கும், கோழித் திருடன் சுவர் ஏறுவான். நாயால் கோழிக்கு நிஜமான உபகாரம் அப்போதுதான், அதுவும் நடுவே ஒரு வலை இருக்கும்போது.

கவனிக்க வேண்டியது அந்த மாற்றும் நேரம். அவிழ்ப்பதற்கு முன்னால் கூண்டில் தலையை எண்ண வேண்டும். ஒரு கோழி முருங்கை மரத்திலேயே தங்கிவிடும், ஒன்று வைக்கோல்போரில் திருட்டு முட்டைக்கு அடை கிடக்கும். எண்ணுகிற வேலைக்கு வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒருவர் என்றால் ஒருவர்தான். இரண்டு பேர் என்றால், மற்றவர் எண்ணியிருப்பார் என்று இரண்டு பேருமே சங்கிலியைக் கழற்றிவிடுவார்கள்.